குசாத்சு: வெந்நீரோடு வாழக் கற்ற ஊர்

இயற்கை அன்னை மாந்தர்க்கு வழங்கியுள்ள கொடைகள் எண்ணிலடங்கா. மண்ணும் மழையும், காற்றும் கதிரும் எல்லா நாட்டார்க்கும் பொதுவானவை. சில நாட்டார்க்கு மட்டும் அவள் தனிச்சிறப்பான கொடைகள் சிலவற்றையும் வழங்கியிருக்கின்றாள். அத்தகையவற்றுள் ஒன்று வெந்நீர் ஊற்று. ஜப்பானிய நாடு அக்கொடையை நிரம்பப் பெற்ற நாடாகும். அந்நாட்டில் குசாத்சு என்னும் மலையூர் ஒன்று உண்டு. ஆசிரிய நண்பர் சிலருடன் அவ்வூருக்குச் சென்று தங்கிவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்குக் கண்டவற்றையும், அவற்றின் காரணங்களைக் குறித்துக் கற்றறிந்தவற்றையும் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெந்நீர் ஊற்றைப் பற்றிக் கேள்வியுறுவோர், "நிலத்திலிருந்து சுடுநீர் வருகின்றது, மக்கள் குளித்து மகிழ்கின்றனர், அவ்வளவுதானே!" என்று எண்ணக்கூடும். குசாத்சுவைக் கண்டார் அவ்வாறு எண்ணார். அவ்வூர் நீர், ஊற்றிலிருந்து வந்தவாறே உடலிற் படக்கூடாத அளவு சூடுடையது. இரும்பையும் அரித்துவிடும் புளிப்புடையது. அந்நீரைத் தரும் மலையோ உயிரையும் குடிக்க வல்லது. அத்தகைய நீரோடும் மலையோடும் அவ்வூரார் எவ்வாறு வாழக் கற்றனர் என்பது நாம் அனைவரும் அறியத்தக்கதாகும்.

ஊரின் இருப்பிடம்

குசாத்சு, தலைநகராகிய தோக்கியோவிற்கு வடமேற்கே, குன்மா மாநிலத்தின் மலைப்பகுதியில் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். தோக்கியோவின் உவேனோ நிலையத்தில் விரைவு இரயிலேறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் மலையடிவார நிலையத்தை அடையலாம். ஊருக்குள் இரயில் நிலையம் இல்லை. அடிவாரத்திலிருந்து பேருந்து, வளைந்து வளைந்து மலையேறி அரைமணி நேரத்திற்குள் நம்மை ஊரிற் சேர்த்துவிடுகின்றது.

பேருந்தைவிட்டு இறங்கிச் சிறிது தொலைவு நடந்ததும் ஊரை முதலில் மூக்குதான் அறிகின்றது. அழுகிய முட்டையின் நாற்றம் காற்றில் மிதந்து வருகின்றது. அது கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த ஒரு வளியின் மணமாகும். புதிதாய் வருவோர் முகஞ்சுளிப்பர். ஆயின், சற்று நேரத்தில் மூக்குப் பழகிவிடுகின்றது.

குளிர்காலத்தில் அங்குப் பனி மிகுதியாகப் பொழியும். முற்காலத்தில் அவ்வூரார் இலையுதிர் காலத்தில் விடுதிகளைப் பூட்டிவிட்டு, மலையடிவாரச் சிற்றூர்களுக்கு இறங்கிச் சென்று குளிர்காலத்தைக் கழிப்பர்; இளவேனில் பிறந்ததும் மீண்டும் மலையேறி வந்து விடுதிகளைத் திறப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இவ்வழக்கம் நிலவியது. இக்காலத்திலோ ஆண்டு முழுவதும் ஊர் கலகலப்பாக இருக்கின்றது. 1970ஆம் ஆண்டில் கந்தகச் சுரங்கம் ஒன்றைத் தோண்டியபோது, ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள புதிய ஊற்று ஒன்று பீறிட்டது. அதன் வெப்பத்தைக் கொண்டு தூய நீரைச் சூடாக்கி வீடுகளுக்கு வழங்குகின்றனர். சாலைப் பனியையும் உருக்குகின்றனர்.

நீர் ஏன் கொதிக்கின்றது?

மாணவர்களே! நிலத்தடி நீர் இவ்வாறு கொதிப்பதற்குக் காரணம் யாது என்பதை இனி ஆராய்வோம்.

நாம் வாழும் பூமியின் மேலோடு ஒரே பாறையாக அமைந்ததன்று. உடைந்த முட்டையோடு போன்று பல பெரும் பாளங்களாகப் பிரிந்து கிடக்கின்றது. அப்பாளங்கள் மிக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஜப்பான் நாட்டிற்கருகே கடற்பாளங்கள் நிலப்பாளங்களின் அடியிற் புகுந்து அமிழ்கின்றன. அமிழும் பாளம் தன்னோடு நீரையும் கொண்டு செல்கின்றது. ஆழத்தில் அந்நீர் வெளிப்பட்டு மேலுள்ள பாறையிற் கலக்கும்போது, அப்பாறை எளிதில் உருகிக் குழம்பாகின்றது. குழம்பு மேலெழுந்து நிலத்தைப் பிளந்து வெளிவருமிடமே எரிமலையாகும். ஜப்பானில் உயிர்ப்புள்ள எரிமலைகள் 111 உள்ளன என்று அந்நாட்டு வானிலை ஆய்வுத்துறை கணக்கிட்டுள்ளது. குசாத்சு ஊருக்கு மேற்கே நிற்கும் குசாத்சு-ஷிராநே மலை அவற்றுள் ஒன்று.

அம்மலையின் மீது பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறை இடுக்குகளின் வழியே கீழிறங்குகின்றன. ஆழத்தில் உள்ள பாறைக்குழம்பின் வெப்பம் அந்நீரைச் சூடாக்குகின்றது. அடுப்பின் மீது வைத்த கெண்டி நீர் கொதிப்பது போன்றதே இது. அடுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாறைக்குழம்பிலிருந்து கந்தகமும் குளோரினும் சேர்ந்த வளிகளும் எழுகின்றன. அவை நீரிற் கரைந்து அதனை அமிலமாக்கிவிடுகின்றன. சூடேறிய நீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலேறி ஊற்றாகப் பெருகுகின்றது. இன்று நாம் தொடும் வெந்நீர், முன்பு எத்தனையோ ஆண்டுகளுக்குமுன் மலைமீது பெய்த மழையாகும்.

நம் நாட்டிலும் வெந்நீர் ஊற்றுகள் இல்லாமலில்லை. பேராக் மாநிலத்தின் சுங்கை கிளா ஊற்றைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால், அங்கு எரிமலை இல்லை. பூமியின் ஆழத்தே இயல்பாக உள்ள வெப்பத்தாற் சூடான நீர், கருங்கற்பாறைப் பிளவுகளின் வழியே மேலே வருகின்றது. ஆகவே அதற்குக் குசாத்சு நீரின் கடும்புளிப்பு இல்லை. வெந்நீர் அனைத்தும் ஒரே தன்மையதன்று என்பது இதனால் விளங்கும்.

நீரின் புளிப்பை அளப்பதற்கு அறிவியலார் 'பி.எச்.' என்னும் அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். தூய நீரின் அளவு 7. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஒவ்வோர் எண் குறையும்போதும் புளிப்பு பத்து மடங்காகும். குசாத்சுவின் நடுவூற்று நீரின் அளவு ஏறத்தாழ 2 ஆகும். அஃது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை ஒத்தது. பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெரியோர், பாலை உறையவைக்க அமிலம் ஊற்றியதை அறிவர். அந்த அமிலம் கையிற்பட்டால் எரியும் என்பதையும் அறிவர். அமிலம் ஓர் ஊரின் நடுவே ஆறாக ஓடினால் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெந்நீர் வயல்

ஊரின் நடுநாயகமாக விளங்குவது 'யுபாத்தாக்கே' எனப்படும் இடமாகும். அச்சொல்லுக்கு வெந்நீர் வயல் என்பது பொருள். விடுதிகளும் கடைகளும் சூழ்ந்த திறந்தவெளியில், ஒரு சிறு வயலைப் போன்றே அஃது அமைந்துள்ளது. அங்கே நிமிடத்திற்கு ஏறத்தாழ 4,000 லிட்டர் வெந்நீர் பெருகுகின்றது. பத்து லிட்டர் வாளியால் மொண்டால் நிமிடத்திற்கு நானூறு வாளி! ஊரிலுள்ள எல்லா ஊற்றுகளையும் கூட்டினால், நிமிடத்திற்கு 32,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் இயந்திர உதவியின்றித் தானாகவே பெருகுகின்றது. இவ்வளவு நீர் தானே பெருகும் வெந்நீர் ஊர் ஜப்பானிலேயே வேறில்லை என்று ஊரார் பெருமையுடன் கூறுவர்.

ஊற்றில் எழும் நீர், வரிசையாக வைக்கப்பட்டுள்ள நீண்ட மரத்தொட்டிகளின் வழியே மெல்ல ஓடுகின்றது. ஓடும்போது காற்றுப்பட்டுச் சூடு தணிகின்றது. நீரிற் கரைந்திருந்த கந்தகமும் பிற பொருள்களும் மரத்தின்மீது வெண்மையும் மஞ்சளுமாகப் படிகின்றன. இப்படிவை 'வெந்நீர்ப் பூ' எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். அதனைக் குறித்த காலத்தில் சேகரித்து உலர்த்திக் குளியற்பொடியாக்குகின்றனர். குழாய்களை உலோகத்தாற் செய்யாமல் மரத்தால் தொட்டி செய்தது ஏன் என்று நம்முடன் வந்த ஆசிரியர் ஒருவர் வினவினார். அமிலம் உலோகத்தை அரிக்கும். மரத்தை அவ்வளவு எளிதில் அரிப்பதில்லை. வேதியியல் நூல்கள் தோன்றுமுன்பே ஊரார் பட்டறிவால் இதனைக் கண்டுகொண்டனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நாட்டை ஆண்ட எட்டாம் சோகுன் தோக்குகாவா யோஷிமுனே, இவ்வூற்று நீரை மொண்டு மரப்பீப்பாய்களில் அடைத்துத் தம் கோட்டை இருந்த எடோ நகருக்குக் கொண்டுவரச் செய்தார். எடோ என்பது இன்றைய தோக்கியோவாகும். அவருக்கென நீர் மொண்ட இடத்தை இன்றும் மரச்சட்டமிட்டுக் காட்டுகின்றனர். நாட்டையாண்டவரும் இந்நீரை நாடினர் என்பதற்கு இது சான்றாகும்.

சூட்டைத் தணித்த முறை

ஊற்று நீரின் வெப்பம் 50 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. மனித உடல் தாங்கக்கூடிய குளியல் நீரின் வெப்பமோ ஏறத்தாழ 42 பாகை. சூட்டைக் குறைக்க எளிய வழி குளிர்ந்த நீரைக் கலப்பதே என நாம் நினைப்போம். குசாத்சு மக்கள் அதனை ஏற்கவில்லை. குளிர்நீர் கலந்தால் ஊற்றின் சத்துப் பொருள்கள் நீர்த்துப்போகுமன்றோ? ஆகவே வேறொரு வழியைக் கண்டனர். அதற்கு 'யுமோமி' என்று பெயர்.

ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரப்பலகையை ஒவ்வொருவரும் கையிற் பற்றிக்கொண்டு, தொட்டியைச் சூழ வரிசையாக நிற்பர். பலகையின் ஒரு முனையை நீருட் செலுத்தி, இடமும் வலமுமாகப் புரட்டிப் புரட்டி நீரைக் கிளறுவர். அடிநீர் மேலே வந்து காற்றுப்பட்டுக் குளிர்கின்றது. எல்லாரும் ஒரே சமயத்தில் புரட்டினால்தான் பயன் விளையும் என்பதால், பாட்டுப்பாடித் தாளத்திற்கேற்பப் புரட்டுவர். நாற்று நடுவோர் களைப்புத் தெரியாதிருக்கப் பாடுவது போன்ற தொழிற்பாட்டே அது. இன்று பெண்கள் குழுவாக நின்று, வருவோர் காண இதனைச் செய்து காட்டுகின்றனர். காண்போரும் பலகை பிடித்துப் பார்க்கலாம். நாமும் பிடித்தோம், சில நிமிடங்களிலேயே தோள்கள் வலிக்கத் தொடங்கின. விளையாட்டுப் போலத் தோன்றும் இது கடுமையான உழைப்பேயாகும்.

முற்காலத்தில் நோய் தீர்க்க வந்தோர் இதனினும் கடுமையான முறையைப் பின்பற்றினர். ஏறத்தாழ 48 பாகை வெப்பமுள்ள நீரில், தலைவர் ஒருவரின் கட்டளைக்கு அடங்கி, அனைவரும் ஒன்றாக இறங்குவர். இறங்குமுன் தலையில் பன்முறை வெந்நீரை ஊற்றிக்கொள்வர். நீருள் மூன்று நிமிடமே இருப்பர். தலைவர் நேரத்தை உரத்த குரலிற் கூற, அனைவரும் மறுகுரல் கொடுப்பர். மூன்று நிமிடம் முடிந்ததும் ஒருங்கே எழுவர். ஒருவர் குரல் கேளாவிடின் அவருக்குத் தீங்கு நேர்ந்ததென உடனே அறியலாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் நம் முதுமொழியை அவர்கள் தம் வழக்கத்திலேயே பொதிந்து வைத்திருந்தனர்.

1876ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்து தோக்கியோவில் மருத்துவம் கற்பித்த எர்வின் பேல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், குசாத்சுவின் நீரையும் மலைக்காற்றையும் இக்குளியல் முறையையும் ஆராய்ந்து உலகோர்க்கு எடுத்துரைத்தார். ஊர்ப் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்துப் போற்றுகின்றனர். அவர் பிறந்த ஜெர்மானிய நகரும் குசாத்சுவும் 1962ஆம் ஆண்டு முதல் உடன்பிறப்பு நகரங்களாக விளங்குகின்றன.

பொதுக்குளியலறையில் கடைப்பிடிக்கும் ஒழுங்கையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஆடவரும் பெண்டிரும் தனித்தனியே குளிப்பர். தொட்டியில் இறங்குமுன் உடலை நன்கு கழுவிக்கொள்ளல் வேண்டும். சவர்க்காரமோ துவாலையோ தொட்டி நீரிற் படலாகாது. நீந்துதலும் நீரை வாரியிறைத்தலும் கூடா. வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிடல் நன்று. கந்தகம் பட்டால் அவை கறுத்துவிடும். நீர் கண்ணிற் பட்டால் எரியும். நமக்குப் பின் வருவோர்க்கும் அந்நீர் உரியது என்னும் எண்ணமே இவ்வொழுங்குகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

ஆற்றுக்கு உயிரளித்த சுண்ணாம்பு

குளித்தபின் அந்நீர் எங்கே செல்கின்றது? இவ்வினாவைப் பயணிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டும்.

மலையிலிருந்தும் ஊரிலிருந்தும் வழியும் அமிலநீர் யுகாவா என்னும் ஆற்றில் ஓடுகின்றது. 'வெந்நீராறு' என்பது அப்பெயரின் பொருள். அவ்வாறு பிற ஆறுகளுடன் கூடி அகாத்சுமா ஆற்றிலும், பின்னர்த் தோனே என்னும் பேராற்றிலும் கலக்கின்றது. பண்டு இந்நீரில் மீன் வாழவில்லை. கரையோர உழவர்க்கு அது பாசனத்திற்குப் பயன்படவில்லை. பாலங்களின் கற்காரையையும் இரும்பையும் அது அரித்தது. பெரிய இரும்பாணி ஒன்றை அவ்வாற்று நீரில் இட்டுவைத்தால், பத்து நாளளவில் கம்பி போல மெலிந்துவிடும் என்பதனைச் செய்துகாட்டி விளக்குகின்றனர்.

இக்கேட்டைப் போக்க 1964ஆம் ஆண்டில் குசாத்சுவில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. எரிமலை அமிலத்தால் கெட்ட ஆற்றைத் திருத்துவதற்காக உலகில் முதன்முதல் எழுந்த நிலையம் அதுவே என்பர். அதன் வேலை எளிதில் விளங்கக்கூடியது. சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து, நீரிற் கலந்து, அவ்வெண்ணிறக் கலவையை ஆற்றில் இடையறாது ஊற்றுகின்றனர். சுண்ணாம்புக்கல் அமிலத்துடன் சேர்ந்து அதன் புளிப்பை நீக்கிவிடுகின்றது. வீட்டில் முட்டையோட்டின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டுப் பாருங்கள். சிறு குமிழிகள் எழும். முட்டையோடும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருளால் ஆனவையாதலின், ஆற்றில் நிகழ்வதை நீங்கள் ஒரு தட்டிலேயே காணலாம்.

நாமும் அவ்விடத்திற்குச் சென்று கண்டோம். பால் போன்ற வெண்ணீர் குழாய்களிலிருந்து ஆற்றிற் கொட்டிக்கொண்டே இருந்தது. இரவும் பகலும், மழையிலும் பனியிலும், விடுமுறை நாளிலும் அது நிற்பதில்லை. ஏனெனில் ஊற்றும் நிற்பதில்லை. கீழே 1965இல் கட்டி முடிக்கப்பட்ட ஷினாகி அணையில் நீர் தேங்கி, நன்கு கலந்து, படிவுகள் அடியில் தங்குகின்றன. அவ்வேரி நீர் பச்சைமணி போன்ற நிறத்துடன் காண அழகாயிருக்கின்றது. ஆனால் அடியிலே சேறு பெருகிக்கொண்டே இருப்பதால், அதனைத் தோண்டியெடுத்து அடக்கம் செய்வதும் முடிவற்ற வேலையாக உள்ளது.

பயன் என்ன? அகாத்சுமா ஆற்றில் மீன்கள் வாழ்கின்றன. அதன் நீர் உழவுக்கு உதவுகின்றது. கற்காரையால் அணை கட்டவும் இயன்றது. யாம்பா என்னுமிடத்தில் ஓர் அணை கட்டும் திட்டம் 1952இல் எழுந்தபோது, இவ்வமிலநீர் அதற்குப் பெருந்தடையாக இருந்தது. ஆற்றுநீர் திருந்திய பின்னரே அத்திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. பல எதிர்ப்புகளுக்கும் தாமதங்களுக்கும் பிறகு 2020இல் அணை செயற்படத் தொடங்கியது. சுண்ணாம்பு ஊற்றும் பணியை நிறுத்திவிட்டால் ஆறு மீண்டும் பழைய நிலையை அடைந்துவிடும். ஓர் ஆற்றை ஒருமுறை திருத்திவிட்டு மறந்துவிட முடியாது. நாள்தோறும் காக்க வேண்டும்.

மலையைக் காக்கும் கண்கள்

குசாத்சு-ஷிராநே மலையின் உச்சியில் யுகாமா என்னும் எரிமலை வாய் ஏரி உள்ளது. அதன் விட்டம் ஏறத்தாழ 300 மீட்டர். பால்கலந்த பச்சை நீலமாகத் தோன்றும் அந்நீர், ஊர் ஊற்றினும் கடிய அமிலமாகும். 1882, 1932, 1982 ஆகிய ஆண்டுகளில் அம்மலை வெடித்ததுண்டு. மலைச்சரிவில் கசியும் நச்சுவளியாலும் 1970களில் உயிர்கள் மாண்டன.

யுகாமாவைச் சூழ அளவைக் கருவிகள் வைத்து ஆய்வாளர் மலையைக் கண்காணித்து வந்தனர். ஆயினும் 2018ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் காலை, எவரும் எதிர்பாராத இடத்தில் மலை வெடித்தது. யுகாமாவுக்குத் தெற்கே உள்ள மோத்தோஷிராநே என்னும் உச்சி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அமைதியாக இருந்ததாகும். அதன் சரிவிலே பனிச்சறுக்கு மைதானம் இருந்தது. நிலத்தடி நீர் திடீரென ஆவியாகிப் பாறைகளை வானில் எறிந்தது. பனிச்சறுக்குப் பயிற்சியிலிருந்த படைவீரர் ஒருவர் உயிர் நீத்தார், பலர் காயமுற்றனர். அன்று எச்சரிக்கை நிலை மிகக் குறைந்த படியிலேயே இருந்தது. வெடித்த பின்னரே அது உயர்த்தப்பட்டது.

ஊற்றுகளுக்கும் ஊருக்கும் கேடு நேரவில்லை. ஆயினும் ஊரார் பெற்ற பாடம் பெரிது. அதன்பின் மோத்தோஷிராநே பகுதியிலும் கண்காணிப்பைப் பெருக்கினர். எச்சரிக்கை நிலைகள் ஐந்து படிகளாக வகுக்கப்பட்டுள்ளன. படி உயர்ந்தால் மலைப்பாதைகள் அடைக்கப்படும். அழகிய ஏரியைக் காண வேண்டுமென்று எவ்வளவு தொலைவிலிருந்து வந்தவராயினும், தடையுள்ள நாளில் திரும்பிச் செல்லவே வேண்டும். கருவி காட்டும் எண்ணை மதிப்பதும், கருவி வைக்காத இடத்திலும் இடர் நேரலாம் என்பதை மறவாதிருப்பதும் அம்மலையருகே வாழ்வார்க்கு இன்றியமையாதனவாயின.

நீர் தீர்க்காத நோய்

இவ்வூரின் வரலாற்றில் துயரமான பகுதி ஒன்றும் உண்டு. அதனை மறைத்துவிட்டுப் புகழை மட்டும் கூறுவது கல்வியாகாது.

குசாத்சு நீர் எல்லா நோயையும் தீர்க்கும் என முன்னோர் நம்பினர். அந்நம்பிக்கையால் தொழுநோயுற்றோர் பலர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு வந்து சேர்ந்தனர். 1887ஆம் ஆண்டில் அவர்களுக்கென யுனோசாவா என்னும் தனிக்குடியிருப்பு ஏற்பட்டது. அமிலநீர் சில தோல் நோய்களுக்கு ஆறுதல் தரலாம். ஆனால், தொழுநோய் ஒருவகை நுண்ணுயிரியால் வருவது. அதனை வெந்நீர் போக்காது. கார்ன்வால் லீ என்னும் ஆங்கிலப் பெண்மணி 1916இல் அங்குக் குடியேறி, அந்நோயாளருக்காக இல்லங்களும் மருத்துவமனையும் நிறுவித் தம் செல்வத்தையும் வாழ்வையும் அவர்களுக்கே அளித்தார்.

அரசினரோ நோயாளரைப் பிரித்து அடைப்பதையே வழியாகக் கொண்டனர். 1932இல் குசாத்சுவில் அரசு தொழுநோய் இல்லம் திறக்கப்பட்டது. 1941இல் யுனோசாவா கலைக்கப்பட்டது. அவ்வில்லத்தின் வளாகத்தில், அடங்க மறுத்தவர் எனக் கருதப்பட்ட நோயாளரை அடைப்பதற்காகக் கடுஞ்சிறை ஒன்று 1938 முதல் 1947 வரை இருந்தது. நாட்டின் பல இல்லங்களிலிருந்தும் அங்குக் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்டோர் 93 பேர். கடும்பனிக் காலத்திலும் கணப்பில்லாத அவ்வறைகளில் பலர் மாண்டனர். வெந்நீர் பெருகி ஓடிய ஊரில் அவர்கள் குளிரால் நடுங்கினர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

1940களிலேயே அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து கண்டறியப்பட்டுவிட்டது. தொழுநோய் எளிதிற் பரவுவதன்று. மருந்தால் முழுதும் குணமாவது. இருப்பினும் பிரித்துவைக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. 2001இல் ஜப்பானிய நீதிமன்றம் அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. அரசும் மன்னிப்புக் கோரியது. கடுஞ்சிறையின் வரலாற்றைக் கூறும் காட்சியகம் 2014 முதல் அங்கு இயங்கி வருகின்றது. நம் நாட்டிலும் சுங்கை பூலோவில் 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளர் குடியிருப்புத் திறக்கப்பட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். நோயாளரைக் கண்டு அஞ்சி ஒதுக்கிய பிழை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

நாம் கொள்ளத்தக்கது

அன்பு மாணவர்களே! குசாத்சு மக்கள் நீரின் சூட்டைப் பலகையாலும் பாட்டாலும் தணித்தனர். புளிப்பைச் சுண்ணாம்பால் தணித்தனர். மலையின் சினத்தைத் தணிக்க மனிதரால் ஆகாது. ஆகவே அதனைக் கண்காணித்து விலகி நடக்கக் கற்றனர். இம்மூன்றிற்கும் வேண்டியவை அறிவும் இடைவிடாத உழைப்புமாகும். மனத்தில் எழுந்த அச்சத்தைத் தணிப்பது மட்டும் இவையனைத்தினும் கடினமாக இருந்தது. மருந்து கிடைத்து அரை நூற்றாண்டு கழிந்தபின்னரே சட்டம் மாறியது.

பெரியவர்களானபின் உங்களுட் சிலர் அவ்வூருக்குச் செல்லலாம். சென்றால் வெந்நீரில் மகிழ்ந்து குளியுங்கள். குளித்தபின் ஆற்றங்கரைக்குச் சென்று வெண்ணீர் கொட்டுவதையும் காணுங்கள், அக்காட்சியகத்திற்கும் செல்லுங்கள். செல்ல இயலாதவர் நம் பள்ளிக்கருகே ஓடும் ஓடையின் கரையில் நின்று, இந்நீர் எங்கிருந்து வருகின்றது, எதனைச் சுமந்து எங்கே செல்கின்றது, இதனைக் காப்போர் யார் என்று வினவுங்கள். விடை தெரியாவிடின் ஆசிரியரைக் கேளுங்கள். ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து தேடுங்கள். அவ்வாறு வினவிக் கற்கும் மாணவர் பெருகுக! நம் பள்ளி வளர்க!